தாத்தா பராமரித்த லிபரேட்டரை 1/48 அளவில் செய்ய வழி கேட்கிறேன்

கேள்வி: கோவைப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையைப் பெற்ற தாத்தா இந்திய விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராகப் பணியாற்றியவர். 1953-இல் சேர்ந்து, பெங்களூரு ஜாலஹள்ளியில் பயிற்சி முடித்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் புனேயில் 6-ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) லிபரேட்டர் விமானங்களோடு, அதாவது பி-24 என்ற நான்கு எஞ்சின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களோடு கழித்தார். 1968 டிசம்பர் கடைசியில் அந்த விமானங்கள் விடைபெற்றபோது அவருடைய ஒப்பந்தக் காலமும் முடிந்திருந்தது. ஊர் திரும்பி ஒரு நூற்பாலையில் மெக்கானிக்காக வேலை பார்த்து, 2003-இல் காலமானார். வரும் தை மாதம் பாட்டிக்குத் தொண்ணூறு வயது நிறைகிறது. அன்று அவர் முன்னால் கொண்டுபோய் வைப்பதற்காக, தாத்தா வேலை பார்த்த லிபரேட்டர் ஒன்றை ஸ்கேல் மாடலாகச் செய்ய விரும்புகிறேன்.

என்னிடம் இருப்பவை அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம், உள்ளங்கை அளவிலான ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், பாட்டியின் நினைவு ஆகியவைதான். புகைப்படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தாத்தா ஓர் இரும்பு ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டு, மூடி கழற்றப்பட்ட எஞ்சினுக்குள் தோள்வரை கையை விட்டிருக்கிறார். முகம் பாதிதான் தெரிகிறது. பின்னால் விமானத்தின் உடற்பகுதியில் வட்டச் சின்னம் பாதியும், அதை அடுத்து விமானத்தின் தொடரிலக்கத்தில் ‘ஹெச்.இ. 8’ என்ற பகுதியும் தெரிகின்றன. மீதி இரண்டு இலக்கங்களை ஸ்டாண்டின் கால் மறைத்துவிட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது அவர் அடிக்கடி ஒரு கணக்குப் போடச் சொல்வார். “ஒரு சிலிண்டருக்கு ரெண்டு பிளக், ஒரு எஞ்சினுக்குப் பதினாலு சிலிண்டர், ஒரு விமானத்துக்கு நாலு எஞ்சின், மொத்தம் எத்தனைடா?” நான் 112 என்று சொன்னதும், “அத்தனையும் இந்தக் கை கழட்டி மாட்டினதுதான்” என்று வலது கையை விரித்துக் காட்டுவார். கட்டைவிரல் நகத்தையொட்டி ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருக்கும்.

ரெவெல் நிறுவனத்தின் 1/48 அளவு பி-24ஜே (லிபரேட்டரின் ஒரு வகை) கிட் ஒன்றை, அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டியை, வாங்கி வைத்திருக்கிறேன். இதற்கு முன்பு 1/72 அளவில் ஒற்றை எஞ்சின் போர்விமானங்கள் நான்கைந்து செய்திருக்கிறேன். இவ்வளவு பெரியதைத் தொட்டதில்லை. வெளிப்புறத்தை வெற்று உலோக நிறத்தில் விடுவதா, வண்ணம் பூசுவதா என்று தெரியவில்லை. கிட்டில் இந்தியச் சின்னங்கள் இல்லை. மறைந்திருக்கும் இரண்டு இலக்கங்களை என்ன செய்வது என்பதும் என்னை உறுத்துகிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பெரியப்பா, விமானம் சக்கரங்களை மடக்கிக்கொண்டு பறக்கிற நிலையில், ஒரு தண்டின் மேல் நிற்கும்படி இருந்தால்தான் கம்பீரமாக இருக்கும் என்கிறார். தாத்தா விமானத்தை ஓட்டியவரும் இல்லை, குண்டு போட்டவரும் இல்லை. அவருடைய பணியை மாடலில் எப்படிக் காட்டுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: அம்பத்தூர் மாடலர்

நண்பருக்கு வணக்கம். நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறீர்கள். தை வரைக்கும் நேரம் இருக்கிறது என்றாலும், இந்தக் கிட்டில் மாலை நேரங்கள் கரைந்துபோகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி யோசியுங்கள். உண்மையான லிபரேட்டரின் இறக்கை முனைக்கு முனை 33.5 மீட்டர், 1/48 அளவில் அது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் ஆகிறது. பாட்டியின் அறையில் எந்த அலமாரியில் வைக்கப் போகிறீர்கள் என்று அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நான் ஒருமுறை அளக்காமல் செய்து, முடித்த மாடலைக் கதவு வழியாகச் சாய்த்து எடுத்துச் சென்றபோது ஒரு ஆன்டெனாவை ஒடித்துக்கொண்டேன்.

இந்தக் கிட்டின் அச்சு 1970களில் மோனோகிராம் நிறுவனம் வெட்டியது. வடிவம் இன்றைக்கும் குறைசொல்ல முடியாதபடி இருக்கிறது. ஆனால் தகடுகளின் இணைப்புக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டிப் புட்டி வைத்து உப்புத்தாள் போட்டால், நடுமுதுகில் அந்தக் கோடுகள் தேய்ந்து காணாமல் போய்விடும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் உங்கள் படத்தில் உடற்பகுதி பளிச்சென்று வெளிச்சத்தைத் திருப்பியடிப்பது தெரிகிறது. அது வண்ணம் பூசாத அலுமினியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெற்று உலோக நிறம் ஒரு கீறலைக்கூட மன்னிக்காது. பச்சை, பழுப்பு என்று பூசுகிற விமானத்தில் மறைந்துவிடும் உப்புத்தாள் வரி, உலோக நிறத்தில் கண்ணாடிமேல் விழுந்த கீறல்போல் எழுந்து நிற்கும். ஆகவே தேய்ந்த கோடுகளை மட்டும் ஸ்க்ரைபர் ஊசியால் மெல்லப் பள்ளமாக இழுத்து, படிப்படியாக நுண்ணிய உப்புத்தாளுக்கு மாறி, கடைசியில் மெருகேற்றும் துணியால் துடைத்து முடியுங்கள். இந்தக் கட்டத்தில் மூன்று வாரம் போனாலும் கவலைப்படாதீர்கள்.

உலோக நிற லாக்கர் வண்ணத்துக்கு அடியில் பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சு கொடுப்பது பலரும் கையாளும் முறை. அதன்மேல் அலுமினிய நிறத்தை ஏர்பிரஷ்ஷில் மிக மெல்லிய படலமாக விசிறுங்கள். மழை நாளில் லாக்கர் அடிக்கவே அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், பூச்சு முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான் ஏர்பிரஷ்ஷையே எடுப்பதில்லை. கோவையில் உங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பாகங்களை ஸ்ப்ரூவோடு (அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு) சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். கழுவாமல் நான் செய்த கான்பெரா ஒன்றில், மாஸ்கிங் டேப்பை உரித்தபோது இறக்கையின் உலோகப் பூச்சு விரல்நீளத்துக்கு டேப்போடு எழுந்து வந்துவிட்டது. அந்த இறக்கையை முழுவதும் சுரண்டி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

அடுத்தது எடை. லிபரேட்டருக்கு மூக்குச் சக்கரம் உண்டு. மாடலில் முன்பக்கம் எடை வைக்காவிட்டால் வாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மூக்கு முழுவதும் கண்ணாடியும் துப்பாக்கிக் கூண்டுமாக இருப்பதால் எடையை ஒளித்துவைக்க இடம் குறைவு. மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கும் தூண்டில் ஈயக் குண்டுகளைத் தட்டையாக அடித்து, விமானியறைத் தரைக்கு அடியிலும், மூக்குச் சக்கரக் குழிக்கு மேலும், நான்கு எஞ்சின் கூடுகளின் முன்பகுதியிலும் அடையுங்கள். ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் டேப்பால் கட்டி, முதன்மைச் சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். முன்னால் சாய்ந்தால் போதும் என்று நிறுத்திவிடாமல் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் பூசப்போகும் வண்ணத்துக்கும் எடை உண்டு. இவ்வளவு பாரத்தைத் தாங்கும்போது பிளாஸ்டிக் சக்கரக்கால்கள் ஓரிரு ஆண்டுகளில் வளையக்கூடும் என்பதால், உலோகத்தில் வார்த்த கால்கள் தனியாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

சின்னங்களுக்கு டீக்கால் (நனைத்து ஒட்டும் அச்சுப் படம்) தேடி அலைய வேண்டாம். வட்டம் வெட்டும் கருவியால் மாஸ்கிங் தாளை வளையங்களாக வெட்டி, வண்ணத்தாலேயே பூசிவிடலாம். வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடிப்பதாக இருந்தால், அந்த இயந்திரம் வெள்ளையை அச்சடிக்காது என்பதை நினைவில் வையுங்கள். தெளிந்த டீக்கால் தாளில் அடித்தால் காவியும் பச்சையும் அலுமினியத்தின்மேல் மங்கிப்போகும்.

எஞ்சின் மூடியைத் திறந்து காட்டுகிற யோசனை உங்களுக்கு இருந்தால், என் கருத்து, வேண்டாம் என்பதுதான். முதல் நான்கு எஞ்சின் விமானத்தில் அந்தச் சோதனை தேவையில்லை. மூடியை வெட்டும்போது கை தவறினால் மாற்றுப் பாகம் கிடையாது. சக்கரங்களை இறக்கி, தரையில் அமைதியாக நிற்கிற நிலையில் சுத்தமாக முடித்தாலே பாட்டி மகிழ்வார்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஃபிட்டர், வேலூர்

தம்பிக்கு ஆசிகள். உங்கள் தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படையில் சேர்ந்தது லிபரேட்டர்கள் போன பிறகு. ஆனால் ஆக்ராவில் பல ஆண்டுகள் சி-119 பாக்கெட் என்ற சரக்கு விமானங்களில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தேன். அவையும் பிஸ்டன் எஞ்சின்கள்தான், சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கப்பட்டவைதான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர்களில் சிலர் லிபரேட்டரில் கை பழகியவர்கள். அதனால் அந்தப் படத்தில் நடப்பது எனக்குப் புதிதில்லை.

நீங்கள் செய்யப்போகும் விமானம் எப்படி நம் கைக்கு வந்தது என்பதை அறிந்துகொண்டு செய்யுங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர்கள் ஏராளமாகக் கான்பூரில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. அவை அமெரிக்காவின் லெண்ட்-லீஸ் என்ற போர்க்காலக் கடன்-குத்தகை ஏற்பாட்டில் வந்தவை. திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பயன்படாதபடி அழிக்க வேண்டும். அழிப்பது என்று முடிவாகி, கருவிகளை உடைத்து, உடற்பகுதிகளைச் சிதைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். 1948-இல் நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. அப்போது பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை அந்தக் குவியலிலிருந்து தேறக்கூடியவற்றைப் பொறுக்கி, பறக்கிற அளவுக்கு மட்டும் கான்பூரிலேயே ஒட்டுப்போட்டுச் சரிசெய்து, பெங்களூருக்குக் கொண்டுவந்து முழுமையாகப் புதுப்பித்தது. அப்படிப் பறத்திக் கொண்டுவந்தவர் அந்நிறுவனத்தின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி. இவ்வாறு 40-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் உயிர் பெற்றன. 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டு 5-ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. பிறகு புனேயில் 6-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைக் கடல்மேல் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியது.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிரி கையிலும் நண்பர் கையிலும் கிடைக்கக்கூடாது என்று உடைத்துப்போட்ட விமானத்தை இருபது ஆண்டுகள் வானத்தில் வைத்திருந்தவர்கள் ஃபிட்டர்கள்தான். ஒரு விமானத்தின் கதவு இன்னொன்றில், வேறொன்றின் தகடு இதில் என்று மாற்றி மாட்டப்பட்டவை. ஆகவே அம்பத்தூர் நண்பர் சொன்ன அலுமினியத்தை ஒரே நிறமாக அடித்துவிடாதீர்கள். நாலைந்து தகடுகள் கொஞ்சம் மங்கலாக, இரண்டு கொஞ்சம் வெளிறி இருக்கட்டும். வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் நின்ற அலுமினியம் கண்ணாடிபோல் மின்னாது. பழைய சோற்றுக் குண்டானின் வெளிப்புறம்போல் அடங்கிய வெண்மையாக இருக்கும்.

கறையை எங்கே காட்டுவது என்பதிலும் பலர் தவறு செய்கிறார்கள். லிபரேட்டரில் இருக்கும் ட்வின் வாஸ்ப் எஞ்சினின் புகை நேரே வெளியே போவதில்லை. குழாய்கள் வழியாகச் சேர்ந்து, கூட்டின் அடிப்புறத்தில் இருக்கும் டர்போ சூப்பர்சார்ஜருக்கு (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவிக்கு) போய், அங்கிருந்து பின்னால் போகிறது. ஆகவே புகைக்கறை இறக்கைக்கு அடியில்தான் படியும். மேலே கறுப்படித்தால் பொய்யாகிவிடும். எண்ணெய்க் கறை வேறு. அது மூடியின் விளிம்பிலிருந்து காற்று இழுத்த திசையில் மெல்லிய பழுப்பு இழைகளாக ஓடும். எஞ்சினுக்கு நேர் கீழே தரையில் ஒரு தகரத் தட்டு வையுங்கள். இந்த வகை எஞ்சின் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். சொட்டு நின்றுவிட்டால், முதலில் தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார் என்று எங்கள் சீனியர் சொல்லுவார்.

இரவெல்லாம் நின்ற எஞ்சினில் கீழ்ப்பக்கச் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் இறங்கித் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால், எண்ணெய் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதனால் காலையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து புரொப்பெல்லர் பிளேடைப் பிடித்துத் தோள்கொடுத்துத் தள்ளி, ஒவ்வொரு பிளேடாகச் சுற்றிவிட வேண்டும். நான்கு எஞ்சினுக்கும் அதைச் செய்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவோம் என்று லிபரேட்டர் சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் தாத்தாவுக்கு முதுமையில் வலது தோள் வலி இருந்ததா என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அம்பத்தூர் நண்பரின் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் மூடியை மூடியே வைக்கச் சொன்னதை ஏற்க முடியவில்லை. மூடிய எஞ்சினோடு நிற்கும் விமானம் விமானியின் விமானம். உங்கள் தாத்தாவின் விமானத்துக்கு மூடி கழன்றுதான் இருக்க வேண்டும். படத்தைக் கவனியுங்கள்: மூக்கு இடப்பக்கம் நோக்கியிருக்கிறது, அவர் நிற்கும் எஞ்சினுக்கும் உடற்பகுதிக்கும் இடையில் இன்னொரு எஞ்சின் கூடு தெரிகிறது. ஆகவே அது இடது இறக்கையின் வெளிப்புற எஞ்சின், அதாவது முதல் எஞ்சின். அந்த ஒன்றை மட்டும் திறந்துவையுங்கள். பெரியப்பாவிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். பறக்கிற விமானத்தில் ஃபிட்டர் இருக்க மாட்டார், அவர் தரையில் நின்று அது திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

சின்னத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1950 ஜனவரி 26-க்கு முன்பு நம் விமானங்களில் நீல அசோகச் சக்கரம் இருந்தது. தாத்தா சேர்ந்தது 1953-இல் என்பதால், உங்களுக்கு வேண்டியது வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை. கறுப்பு வெள்ளைப் படத்தில் காவி சில நேரம் எதிர்பார்த்ததைவிடக் கறுத்துத் தெரியும்; அதைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்.

பதில் 3: யாழ்ப்பாணத்து வாசகர்

வணக்கம். இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பூட்டனார் போர்க்காலத்தில் காங்கேசன்துறை விமானத்தளத்தில், இன்றைய பலாலியில், ஓடுபாதை போடும் வேலையில் கூலியாளாக இருந்தவர். பிரிட்டிஷ் விமானப்படையின் 160-ஆவது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்கள் 1944-இல் அங்கிருந்தும், பின்னர் மின்னேரியாவிலிருந்தும் பறந்தன. 1945-இல் மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர்க் கடல்வரை போய்க் கடற்கண்ணிகளைப் போட்டுவிட்டு, ஏறத்தாழ 20 மணி நேரம் கழித்துத் திரும்பிய பயணங்களும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவர் நினைவாக நானும் 1/72 அளவில் ஒரு லிபரேட்டர் செய்தேன். அந்த விமானத்தில் சிவப்பு இல்லாத சின்னம் போட வேண்டியிருந்தது. ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு நம்மவர் குழம்பிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, இந்தப் பகுதியில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் கருநீலமும் இளநீலமும் மட்டும் வைத்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது தொடரிலக்கத்தைப் பற்றி. எனக்கும் அதே சிக்கல் வந்தது. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு எண்ணைப் போட்டு முடித்துவிட்டேன். பிறகு அந்த எண்ணுக்குரிய விமானம் வேறொரு ஸ்குவாட்ரனுடையது என்று தெரியவந்தபோது, மாடலைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அந்த எண்தான் கண்ணில் குத்தியது. கடைசியில் அதைச் சுரண்டி எடுத்தேன். உங்களிடம் புகைப்படம் இருக்கிறது. அதில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். எஞ்சினுக்கு அருகில் ஸ்டாண்டு வைக்கப் போகிறீர்கள் அல்லவா? உடற்பகுதிக்கு அருகிலும் ஒரு ஏணியை, மறைந்த இரண்டு இலக்கங்களுக்கு நேராகச் சாத்தி வையுங்கள். ஏணிக்குப் பின்னால் ஒன்றும் எழுத வேண்டாம். பின்னொரு நாள் எண் கிடைத்தால் ஏணியை எடுத்துவிட்டு எழுதிக்கொள்ளலாம்.

பதில் 4: அம்பத்தூர் மாடலர்

வேலூர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். வேலையின் கடினத்தை மட்டும் பார்த்தேன். படத்தை அவர் பார்த்தபடி நான் பார்க்கவில்லை.

திறப்பதென்றால் இப்படிச் செய்யுங்கள். கிட்டில் வரும் எஞ்சின் மூடிக்குள் முகம் மட்டும் காட்டுவதற்காக வார்க்கப்பட்டது, திறந்தால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். 1/48 அளவில் ட்வின் வாஸ்ப் எஞ்சின்கள் ரெசினில் தனியாகக் கிடைக்கின்றன. ஒன்று வாங்கினால் போதும். மூடியின் முன்வளையத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத் தகட்டை மட்டும் நுண்ரம்பத்தால் வெட்டி எடுங்கள். வெட்டிய தகட்டின் உட்புறத்தைத் தேய்த்து மெலிதாக்காவிட்டால், அலுமினியத் தகடு செங்கல்போலத் தடித்துத் தெரியும். அதைவிட, குளிர்பான டின்னின் தகட்டை வெட்டி வளைத்து மூடியாகவே வைத்துவிடலாம், அது உண்மையிலேயே அலுமினியமாயிற்றே. பிளக் ஒயர்களுக்குப் பழைய மின்மோட்டாரின் மெல்லிய செம்புக் கம்பியைப் பயன்படுத்துங்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் இருபத்தெட்டும் வரட்டும். உங்கள் தாத்தாவின் கணக்கு குறையக் கூடாது.

எண் விஷயத்தில் யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன வழியே நேர்மையானது. அதோடு ஒரு தகவலும் சொல்கிறேன். உலகில் இன்று மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல நம் விமானப்படையில் இருந்தவைதான். பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பது நம்மிடம் ஹெச்.இ. 807 ஆக இருந்தது. அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் இருப்பது 1969-இல் இந்தியாவிலிருந்து பறந்து போனது. கனடாவிலும் ஒன்று உண்டு, டெல்லி பாலம் அருங்காட்சியகத்திலும் ஒன்று உண்டு. உங்கள் படத்தில் முதல் இலக்கம் எட்டு. தாத்தா கைவைத்த விமானம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்று ஆசைப்படலாமே தவிர, எழுதிவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் புத்தகத்திலுள்ள சர்வீஸ் எண்ணோடு டெல்லி சுப்ரதோ பார்க்கில் இருக்கும் விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். விமான எண் கிடைக்குமா என்பது வேறு, அவர் எந்தெந்தத் தளத்தில் எந்தெந்த ஆண்டுகள் இருந்தார் என்று கேட்டுப் பெற முயலலாம்.

கேள்வி கேட்டவர்: கோவைப் பேரன்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, வேலை நடந்துகொண்டிருந்தது.

வேலூர் ஐயா கேட்கச் சொன்னதைப் பாட்டியிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதை யாரு உனக்குச் சொன்னா?” என்று கேட்டார். தாத்தாவுக்கு வலது தோளில் கடைசிவரை வலி இருந்ததாம். நூற்பாலையில் மூட்டை தூக்கியதால் வந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஊர் திரும்பும் முன்பே, புனே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே, பாட்டி இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறார். பெரியப்பா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே வந்து, சக்கரத்தை இறக்கியே செய்துவிடு என்றார்.

உடற்பகுதி ஒட்டி முடித்து, கோடுகளை மறுபடி இழுத்துவிட்டேன். பென்சில் சோதனையில் முதலில் வால் பக்கமே சாய்ந்தது; மேலும் ஆறு ஈயக் குண்டுகளை எஞ்சின் கூடுகளில் அடைத்த பிறகு மூக்கு இறங்கியது. முதல் எஞ்சினின் பக்கத் தகட்டை வெட்டி எடுத்தாயிற்று. ரெசின் எஞ்சினில் இருபத்தெட்டு ஒயர்களும் மாட்டியாகிவிட்டன. கடைசி நான்கை மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. தொடரிலக்கத்தில் ‘ஹெச்.இ. 8’ மட்டும் மாஸ்க் வெட்டி வைத்திருக்கிறேன், அதை அடுத்து ஏணி வரும். ஆவண அலுவலகத்துக்குக் கடிதமும் அனுப்பியிருக்கிறேன்.

ஸ்டாண்டின் மேல் நிற்கும் உருவத்தை, தரைப்பணியாளர் பொம்மை ஒன்றின் கையை வெட்டித் திருப்பி ஒட்டிச் செய்தேன். அரைக்கால் சட்டையும் பனியனும் பூசி, போன வாரம் பாட்டியிடம் பூதக்கண்ணாடியோடு கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எல்லாம் சரி. பின் பாக்கெட்டுல வேஸ்ட் துணி எங்க?” என்றார். கை துடைக்கிற பனியன் வேஸ்ட் இல்லாமல் தாத்தா ஒருநாளும் வீட்டிலிருந்து கிளம்பியதில்லையாம். சாயங்காலம் அதையே எடுத்துத் துவைத்துக் காயப்போடுவது பாட்டியின் வேலையாம்.

மெல்லிய டிஷ்யூ தாளில் நொய்யரிசி அளவுக்கு ஒரு துணுக்கைக் கிழித்து, பசை தொட்டு, பாக்கெட்டிலிருந்து பாதி தொங்கும்படி ஒட்டியிருக்கிறேன். பழுப்பு எண்ணெய்க் கறையை அதில் நாளைக்கு வைக்க வேண்டும்.